சுவிட்ச் நம் கையிலேயே இருக்கட்டும்

வீட்டு விளக்கு தானே எரிந்து தானே அணைய வேண்டும். அலுவலகத்தை விட்டுப் புறப்படும்போதே வீட்டில் கீசர் சூடாகத் தொடங்க வேண்டும். மோட்டாரைப் போட ஆள் ஓடக் கூடாது. இப்படி ஓர் ஆசை இன்று பெங்களூரில் பரவி வருகிறது. தானியங்கி வீடு என்று இதற்குப் பெயர். அடுக்குமாடிக் கட்டடங்களின் விளம்பரங்களில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்துகொண்டுவிட்டது.

"இது பணக்காரர் விளையாட்டு, மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிற நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வருவதெல்லாம் வரட்டும் என்று தவணை முறையில் வாங்கி வீடெங்கும் மாட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல என்பது நம் கருத்து. பீன்யாவில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும், அல்சூரில் ஒன்றரை அறை வீட்டில் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கும் இந்தக் கலையால் மெய்யான நன்மை உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இயந்திரத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்கோ இருக்கும் கம்பெனியின் கையில் நம் வீட்டுச் சுவிட்சைக் கொடுத்துவிட்டால், பணம் கொடுத்துப் பிறர் தயவில் வாழ்வதாக முடியும்.

கிணற்றடியில் முன்பே வந்தது

இது புதிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1966-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ஜிம் சதர்லாண்ட் என்பவர், கழித்துக் கட்டிய உதிரி பாகங்களைச் சேர்த்துத் தம் வீட்டு நிலவறையில் ஒரு கம்ப்யூட்டரை அமைத்தார். 'எக்கோ-4' என்று அதற்குப் பெயர். வீட்டுக் கணக்கைப் பார்ப்பது, கடிகாரங்களை ஓட்டுவது, அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது ஆகிய வேலைகளை அது செய்தது. கடைக்கு அது வரவே இல்லை. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்ஸ் நகரில் இருந்த பைகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 'எக்ஸ்-10' என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்சாரக் கம்பி வழியாகவே 'விளக்கைப் போடு, அணை' என்ற செய்தியை அனுப்புவது அதன் உத்தி. பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்கள் கூட்டம் அதிலிருந்துதான் பெருகியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்க் கிணற்றடியில் இது வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து விவசாயிகளுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்பது நிச்சயமில்லாத காலத்தில், கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பெட்டியில் மாட்டினார்கள். பிறகு சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு போன் செய்தால் காட்டில் மோட்டார் ஓடும். ஒரு பேஸ் இல்லையென்றாலும், கிணற்றில் தண்ணீர் இல்லையென்றாலும் அது தானே நின்று சேதி சொல்லும். இருட்டில் பாம்புக்கும் மின்கசிவுக்கும் அஞ்சி வரப்பில் நடந்த மனிதனுக்கு அது ஆடம்பரமாகத் தோன்றவில்லை. தேவை இருந்தது, வாங்கினான். பட்டணத்து வீட்டிலும் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது.

முதல் வேலை தண்ணீர்

பெங்களூரில் குடியிருப்பவனுக்கு எது தேவை? முதலில் தண்ணீர். இந்த நகரத்துக்குக் காவேரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. அது வீட்டு வாசலில் உள்ள சம்பில் விழுந்து, அங்கிருந்து நாம் மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். 2024 மார்ச்சில் ஏற்பட்ட தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. குடிநீரால் வண்டி கழுவினாலோ, செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று அப்போது குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வழி செய்யப்பட்டது. ஆனாலும் தொட்டி வழிந்து தெருவில் ஓடுகிற காட்சி நிற்கவில்லை. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் 10 நிமிடம் கூடுதலாக ஓடினால் 300 லிட்டர் வீண். ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு நாளைக்குத் தேவையான தண்ணீர் அது.

எனவே தானியங்கி வேலையில் இறங்க விரும்புகிற பெங்களூர்த் தமிழன் முதலில் கை வைக்க வேண்டிய இடம் மோட்டார். மேல்தொட்டியில் ஒரு மிதவை, சம்பில் ஒரு மிதவை. மேலே நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும். கீழே வற்றினாலும் நிற்க வேண்டும். இரண்டாவது முதலாவதைவிட முக்கியம். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடும் பம்பில் சீல் எரிந்து போகும். பிறகு மோட்டாரைக் கழற்றி, ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஓடும்போது ஆறு, ஏழு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் சிறு ரிலே போர்டில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேராக அதில் கோத்தால், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு 'நில்' என்று சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு காண்டாக்டரை இயக்க வேண்டும், காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும்.

இரண்டாவது, தொட்டியின் மூடியில் மாட்டும் ஒலி அலை அளவுகோல்கள். கைப்பேசியில் தண்ணீர் மட்டத்தைச் சதவிகிதமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தொட்டிக்குள் ஆவி படிந்து முகத்தில் நீர் கோத்துக்கொண்டால் அது தப்பாக அளக்கும். மட்டம் தெரிந்துகொள்ள அதை வைத்துக்கொள்ளலாம். மோட்டாரை நிறுத்தும் பொறுப்பைச் சாதாரண மிதவையிடம் விடுவதே உத்தமம். வைஃபை போனாலும், கம்ப்யூட்டர் படுத்தாலும், கம்பி வழியாக வரும் மிதவையின் உத்தரவு மோட்டாரை நிறுத்த வேண்டும். அரை மணிக்கு மேல் எக்காரணம் கொண்டும் ஓடக் கூடாது என்று ஒரு கடிகாரத் தடையும் வைத்துவிட்டால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

மின்சாரக் கணக்கு

அடுத்தது மின்சாரம். 2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருக ஜோதித் திட்டத்தில், வீட்டின் முந்தைய சராசரியை ஒட்டி மாதம் 200 யூனிட் வரை இலவசம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது உண்டு. ஆனால் 200-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழுப் பில்லையும் கட்ட வேண்டும். 201-வது யூனிட்டின் விலை அவ்வளவு பெரியது! ஆகவே மாதத்தின் இருபதாம் தேதி நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நடுத்தரக் குடும்பத்துக்குக் காசு. யூனிட்டை அளந்து காட்டும் சிறு கருவியோ, அளவு காட்டும் பிளக்கோ அந்த வேலையைச் செய்துவிடும்.

அளந்து பார்த்தால் பல கட்டுக்கதைகள் அவிழும். கீசரை அணைக்க மறந்தால் மணிக்கு இரண்டு யூனிட் போய்விடும் என்பார்கள். அப்படியல்ல. 15 லிட்டர், 2,000 வாட் கீசர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற சுமார் 16 நிமிடமும் அரை யூனிட்டும் எடுத்துக்கொள்ளும். சூடானதும் தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். பிறகு ஆற ஆற மீண்டும் மீண்டும் சூடேற்றும் செலவுதான் வீண். எனவே குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, குளித்ததும் அணைக்கும்படி ஒரு டைமர் வைத்தால் போதுமானது. தெர்மோஸ்டாட் கெட்டுப்போனாலும் டைமர் இரண்டாவது காவலாக நிற்கும் என்பது கூடுதல் லாபம். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். விளக்குக்கு உள்ள சிறு பிளக்கில் கீசரைச் செருகக் கூடாது.

மின்விசிறி விஷயம் இன்னும் சுவையானது. பழைய விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. என்ற புதிய ரக விசிறி ஏறத்தாழ 30 வாட். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 16 யூனிட் மிச்சம். இரண்டு விசிறியானால் 32. ஆளில்லாத அறையில் விசிறியைத் தானாக நிறுத்தும் எந்த ஏற்பாடும் இவ்வளவு மிச்சப்படுத்துவது கடினம். மாற்ற வேண்டியதை மாற்றாமல் மூளையை மட்டும் மாட்டுவதில் அர்த்தமில்லை.

போதாக்குறைக்கு மூளையும் மின்சாரம் தின்னும். சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் வைஃபை ரிலே சும்மா இருக்கும்போதே சுமார் ஒரு வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து ரிலேக்கு மாதம் 7 யூனிட். இவற்றையெல்லாம் ஆளும் கம்ப்யூட்டராக 5 வாட் ராஸ்ப்பெரி பை வைத்தால் மாதம் மூன்றரை யூனிட். 15 வாட் இழுக்கும் பழைய மடிக்கணினியை வைத்தால் கிட்டத்தட்ட 11 யூனிட். மிச்சப்படுத்தப் போய்ச் செலவை ஏற்றிக்கொள்ளாதிருக்க இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாவி யார் கையில்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடையில் விற்கும் பிளக்குகளும் பல்புகளும் பெரும்பாலும் எப்படி வேலை செய்கின்றன? நாம் கைப்பேசியில் 'விளக்கைப் போடு' என்று அழுத்தினால், அந்த உத்தரவு வீட்டை விட்டு வெளியேறி, பல சமயம் கடல் கடந்து, கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, பத்தடி தூரத்தில் இருக்கும் விளக்கை எரிய வைக்கிறது. அடுத்த அறைக்குத் தபால் எழுதி டெல்லி வழியாக அனுப்புவது போன்ற ஏற்பாடு இது. கம்பெனி நன்றாக இருக்கும் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கம்பெனி கடையைக் கட்டினால்? அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற கருவியை மக்கள் 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2014-இல் அந்தக் கம்பெனியை 'நெஸ்ட்' நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வர் நிறுத்தப்பட்டது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' என்ற கம்பெனியின் சர்வர்கள் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றன. வருஷக்கணக்காக அதை நம்பி வீடு முழுவதும் சுவிட்ச் மாட்டியவர்கள் திகைத்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் சிலரே சேர்ந்து ஜூன் மாதத்தில் அந்தத் தொழிலை விலைக்கு வாங்கி மீண்டும் உயிரூட்டினார்கள். கம்பெனி மூடாவிட்டாலும் ஆபத்து உண்டு. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கம்ப்யூட்டர் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறில், அமெரிக்க வீடுகளில் வாசல் மணிக் கேமராவும் பெருக்கும் இயந்திரமும் வேலை செய்யாமல் நின்றன.

பெங்களூரில் நல்ல மழை பெய்தால் இணையம் போவது நமக்குப் பழக்கம். இணையம் இல்லாததால் வீட்டு விளக்கு எரியவில்லை என்ற நிலை நமக்கு வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்ற டச்சுக்காரர் 'ஹோம் அசிஸ்டண்ட்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். வீட்டிலேயே ஒரு சிறு கம்ப்யூட்டரில் அது ஓடும். உத்தரவுகள் வீட்டைத் தாண்ட வேண்டியதில்லை. உலகெங்கும் உள்ள பொழுதுபோக்குக்காரர்கள் கைகொடுத்து அதை வளர்த்திருக்கிறார்கள். 2024-இல் அது ஒரு தனி அறக்கட்டளையின் பொறுப்பில் வைக்கப்பட்டது. எவரும் அதை விலைக்கு வாங்கி மூடிவிட முடியாதபடி செய்வதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஷாங்காய் நகரத்து எஸ்பிரசிப் கம்பெனி 2014-இல் வெளியிட்ட 'இ.எஸ்.பி. 8266' என்ற வைஃபை சில்லு, சில நூறு ரூபாய்க்குள் ரிலே போர்டுகளைக் கட்டுப்படுத்தும் வசதியைச் சாமானியனுக்குக் கொண்டுவந்தது. ஆயத்தமாக வாங்குபவர்கள் பெட்டியில் 'மேட்டர்' என்ற முத்திரை உண்டா என்று பார்க்கலாம். 2022-இல் வந்த அந்தப் பொது முறைப்படி செய்த சாதனத்தை வீட்டுக்குள்ளேயே இயக்க வழி உண்டு. ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன், எலக்ட்ரானிக்ஸ் படித்த நம் பிள்ளைகள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களுக்கு இது மாலை நேரப் பொழுதுபோக்காகத் தொடங்கி, பக்கத்து வீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுக்கும் தொழிலாகவும் வளரக் கூடியது. சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கைக்கு இதிலே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள்

கம்பெனியின் பிடியிலிருந்து வீட்டை விடுவித்துவிட்டு, அதையே வீட்டில் ஒருவர் பிடித்து வைத்துக்கொள்வதும் தவறு. இந்த விளையாட்டில் ஈடுபடுகிறவர் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்தான். அவர் கைப்பேசியில் எல்லாம் இருக்கும். அவர் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கழிவறை விளக்கைப் போடத் தெரியாமல் இருட்டில் தடவுவார். அந்த அமைப்பில் எத்தனை புத்திசாலித்தனம் இருந்து என்ன பயன்?

எனவே சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். வைஃபை பல்பில் உள்ள சங்கடமே இதுதான். சுவரில் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு கைப்பேசியில் எத்தனை தட்டினாலும் எரியாது. உடனே வீட்டில் 'சுவிட்சைத் தொடாதே' என்று ஒரு சட்டம் பிறக்கும். சட்டத்தை மீறியவர் யார் என்று சண்டையும் பிறக்கும். சாதாரண பல்பை வைத்துக்கொண்டு, போர்டுக்குள் ரிலேயை வைத்து, பழைய சுவிட்சையே அதற்குத் தகவல் சொல்லும்படி இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாட்டி சுவிட்சைத் தட்டினாலும் எரியும், பேரன் கைப்பேசியைத் தட்டினாலும் எரியும்.

கரண்ட் போய்த் திரும்பும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். சில பல்புகள் மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தோடு எரியும். நள்ளிரவு மூன்று மணிக்கு வீடே விழித்துக்கொள்ளும். கீசரும் மோட்டாரும் கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பினால் அது வெறும் தொல்லையோடு நிற்காது, ஆபத்தாகவும் முடியும். 'பழைய நிலை', 'அணைந்த நிலை' என்று தேர்ந்தெடுக்கும் வசதி நல்ல சாதனங்களில் உண்டு. கீசருக்கும் மோட்டாருக்கும் அணைந்த நிலையே சரி.

வயதானவர்கள் உள்ள வீட்டில் மெய்யாகவே பயன்படுவது ஒன்று உண்டு. படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் ஆள் நடமாட்டம் உணரும் ஒரு சிறு கருவியும், மங்கலான ஒரு விளக்கும். இரவில் கால் தரையில் பட்டதும் எரியும். சில நிமிடத்தில் அணையும். யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். தடுக்கி விழுந்து இடுப்பு ஒடியும் ஆபத்தை அது குறைக்கும்.

கேமரா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வாசலில் வைப்பதில் தவறில்லை. கூடத்திலும் சமையலறையிலும் வைத்து, வேலை இடத்திலிருந்து மனைவியையும், மாமியாரையும், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பாகாது. அது வேவு. பாஸ்வேர்டை மாற்றாத கேமராவால் ஊருக்கே கேடு வரும். 2016-இல் 'மிராய்' என்ற விஷ மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாதிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை அது முடக்கியது.

வாடகை வீட்டுக்காரருக்கு

நம்மில் பாதிப் பேருக்கு மேல் சொந்த வீடு இல்லை என்று வைத்துக்கொண்டே பேசலாம். வாடகையோ, லீஸோ, வீட்டுக்காரரின் சுவரில் ஓட்டை போட்டால் போகும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். அதனால் குடியிருப்பவர் பிளக்கில் செருகுவது, பசையால் ஒட்டுவது, மேஜைமேல் வைப்பது என்ற அளவில் நின்றுகொள்வது நல்லது. போகும்போது கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். போர்டைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பழைய வயர் எங்கெங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

சுவிட்ச் ரிலேக்களுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். போர்டில் சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கே இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இல்லாமல் போகலாம். எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் சொல்வதைக் கேட்கவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. 230 வோல்ட் எவரையும் மன்னிப்பதில்லை. மெயினை அணைக்காமல் போர்டைத் திறக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லாவிட்டால், தானியங்கிச் சாமான்களுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். தெரியாத வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அரசு செய்ய வேண்டியது

வாங்குகிறவனின் எச்சரிக்கை மட்டும் போதாது. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கப் பழகிய நாடு இது. அந்த முத்திரை நெருப்புப் பிடிக்குமா என்பதைப் பற்றிப் பேசுகிறது. கம்பெனியின் சர்வர் நின்றால் சாமான் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களை விற்பவர், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதும் அங்கே தடை. நம் மத்திய அரசும் 2024-இல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி விதி அறிவித்தது. கேமராவோடு நிற்பானேன்?

பிளக், பல்பு, சுவிட்ச், பூட்டு எதுவானாலும், பெட்டியின் மேலேயே இரண்டு வரி அச்சிட வேண்டும் என்று சட்டம் வரட்டும். இணையம் இல்லாமல் இது வேலை செய்யுமா, செய்யாதா என்பது ஒன்று. எந்த ஆண்டு வரை கம்பெனி இதற்குப் பொறுப்பு என்பது மற்றொன்று. பிஸ்கட் பொட்டலத்தில்கூடக் காலாவதித் தேதி இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு அது கூடாதா?

"சுவிட்சைத் தட்டக் கூடச் சோம்பலா?" என்று நம் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சோம்பலுக்காக என்றால் வேண்டாம் என்றே நாமும் சொல்வோம். தொட்டி வழியாமலும், மோட்டார் எரியாமலும், 200 யூனிட் தாண்டாமலும், அம்மா இருட்டில் விழாமலும் இருப்பதற்காக என்றால் தாராளமாகச் செய்யலாம். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒன்று மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்ததில் கை வையுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது, எதை அழுத்தினால் எது நிற்கும் என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில், இணையமும் இல்லாத நேரத்தில், வீட்டில் இருக்கும் யாரும் அதைப் படித்துச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி வீட்டை நடத்த முடிய வேண்டும். அப்படி முடிந்தால் அந்த வீட்டில் தானியங்கிச் சாமான் தாராளமாக இருக்கலாம்.